உலர்ந்த அத்தி, நனைந்த அத்தி: எகிப்தியக் கல்லறைகளின் வண்ண மரச்சிலைகள்

(இராயபுரத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையின் விதிப்படி ஆண்டுக்கு ஒரு கைத்தொழிலைப் பற்றி உரை நிகழ வேண்டும். இவ்வாண்டு தச்சு. காசிமேட்டுக்கு இத்தனை பக்கத்தில் நின்று தச்சைப் பற்றிப் பேசுகிறவர் படகில்தான் தொடங்குவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். படகுக்கும் வருகிறேன். அதற்கு முன் எகிப்துக்குப் போக வேண்டும். அங்கே கல்லறைக்குள் வைத்து அடைத்துவிட்ட வண்ண மரச்சிலைகள்தான் என் பொருள். கலை வரலாற்று நூல்கள் அவற்றைக் கல்சிற்பத்தோடு சேர்த்து ஒரே வரிசையில் வைக்கின்றன. எனக்கு அவை முதலில் தச்சு வேலையாகத் தெரிகின்றன. வாய்ச்சி பிடித்துப் பழகிய ஒருவர் அந்தச் சிலைகளுக்கு முன் நின்றால், எங்கே கட்டை போதாமல் போயிற்று, எங்கே ஒட்டுப் போட்டார்கள், எங்கே கணு வந்து இடைஞ்சல் செய்தது என்று சொல்லிவிடுவார். அந்தப் பார்வையோடுதான் இன்று பார்க்கப் போகிறோம்.

1920 மார்ச் மாதம். நைல் நதியின் மேற்குக் கரையில், பழைய தீப்ஸ் நகரத்துக்கு எதிரே உள்ள மலைச்சரிவில், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் ஹெர்பர்ட் வின்லாக் ஒரு கல்லறையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். மெகெத்ரே என்ற உயர் அதிகாரியின் கல்லறை அது. கி.மு. 2000-ஐ ஒட்டிய காலம். திருடர்கள் எப்போதோ புகுந்து எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தார்கள். தரைப்படம் வரைந்துகொள்ளலாம் என்பதற்காகவே கல்லும் மண்ணும் அள்ளும் வேலை நடந்தது. அப்போது சுவரும் தரையும் சேரும் இடத்தில் இருந்த ஒரு விரிசலுக்குள் சரளைக்கல் தானாகச் சரிந்து உள்ளே போவதை வேலையாட்கள் கவனித்தார்கள். வின்லாக் குனிந்து அந்த விரிசலுக்குள் கைவிளக்கை அடித்தார். உள்ளே ஒரு சிறிய அறை. அறை முழுக்க மரத்தால் செய்த மனிதர்கள், மாடுகள், படகுகள். நேற்று அடித்ததுபோல் வண்ணம்.

மொத்தம் 24 மாதிரி உருவங்கள். இன்று பாதி நியூயார்க்கிலும் பாதி கெய்ரோவிலும் இருக்கின்றன. தானியக் குதிரும் கணக்கெழுதும் எழுத்தர்களும் ஒன்று. ரொட்டி சுடுவதும் பியர் வடிப்பதும் ஒன்று. நெசவுக்கூடம், கசாப்புக்கூடம், மாடு எண்ணும் முற்றம், மரம் சூழ்ந்த குளத்தோடு ஒரு தாழ்வாரம், பல வகைப் படகுகள். இறந்தவர் மறுமையில் எதற்கும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். அதற்காக அவருடைய பண்ணை முழுவதையும் சிறிய உருவில் செய்து உள்ளே வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊரில் பேசுவதால் இரண்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இரண்டும் கெய்ரோவில் உள்ளன.

முதலாவது மீன்பிடிப்பு. பாப்பிரஸ் நாணலைக் கட்டிச் செய்யும் படகுகள் இரண்டு, பக்கத்தில் பக்கமாகப் போகின்றன. நடுவே ஒரே வலை. வலை நிஜமான நூலால் பின்னியது. அதற்குள் மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய மீன்கள். இரண்டு படகிலும் ஆட்கள் வலையைப் பிடித்து இழுக்கிறார்கள். மற்றவர்கள் துடுப்புப் போடுகிறார்கள். இரண்டு படகுக்கு ஒரு வலை என்றதும் இங்கே பலருக்கு இரட்டைமடி நினைவுக்கு வந்திருக்கும். இன்றைய இரட்டைமடி விசைப்படகின் வேகத்தில் கடலடியையே வாரிக்கொண்டு போகிறது. அதனால்தான் அதற்குத் தடை. நைலில் கைவலிமைக்கு மேல் எதையும் இழுக்க முடியாது. ஆனாலும் அந்த ஆட்களின் இடுப்பு வளைவைப் பாருங்கள். வலையின் கனம் முழுவதும் அதில் இருக்கிறது. அந்த அளவு கல்லில் இதைச் செய்ய முடியாது. கல் தன் எடையைத் தானே தாங்க வேண்டும். நீட்டிய கை உடைந்துவிடும். மரத்தில் கையைத் தனியே செதுக்கிக் கழுந்து வைத்துத் தோளில் செருகலாம், எந்தக் கோணத்திலும்.

இரண்டாவது தச்சுப்பட்டறை. பாதிக் கூரை போட்ட ஒரு முற்றம். நடுவே ஒரு கம்பம் நட்டு, அதில் பலகையை நிமிர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஒருவர் நின்றபடி மேலிருந்து கீழாக அறுக்கிறார். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து வாய்ச்சியால் செதுக்குகிறார்கள். ஓரத்தில் ஒரு கருவிப்பெட்டி. அதற்குள் விரல் நீளத்தில் செப்பு உளிகள், செப்பு வாய்ச்சிகள், ரம்பங்கள். இந்த உருவங்களைச் செய்த தச்சர்கள், தங்கள் பட்டறையையே செய்து, தங்கள் கருவிகளையும் பெட்டியில் அடுக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள். உலகக் கலையில் தொழிலாளியின் கருவிப்பெட்டிக்கு இத்தனை மதிப்புக் கிடைத்த வேறொரு இடம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்தப் பெட்டியில் ஒரு கருவி கிடையாது: இழைப்புளி. எகிப்தியத் தச்சருக்கு இழைப்புளி தெரியாது. மணற்கல்லை வைத்துத் தேய்த்தே வழுவழுப்பாக்கினார்கள்.

அஸ்யூட் ஊரில் மெசெஹ்தி என்பவரின் கல்லறையில் கிடைத்த ஈட்டி வீரர் 40 பேரும் நூபிய வில்வீரர் 40 பேரும் கொண்ட மரப்படை இதைவிடப் பெயர் பெற்றது. படங்கள் எங்கும் கிடைக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மரத்துக்கு வருவோம். எகிப்தில் நல்ல மரம் கிடையாது. இருப்பவை அத்தி இனத்தைச் சேர்ந்த சிக்கமோர், கருவேலம், உப்புநிலத்தில் வளரும் டாமரிஸ்க். கருவேலம் நம் கண்மாய்க் கரையில் நிற்கும் அதே கருவேலம்தான். தாவரவியல் அதற்கு வைத்த பெயரே நைலைத் தாங்கி நிற்கிறது. நைலின் சரக்குப் படகுகளைக் கருவேலத்தின் குட்டையான பலகைகளால் கட்டி, இணைப்புகளில் பாப்பிரஸ் நாரைத் திணித்து அடைத்தார்கள் என்று கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். காசிமேட்டில் கலப்பத்து அடித்தவர்களுக்கு அந்த வேலையை விளக்கத் தேவையில்லை. நீளமான பலகை வேண்டுமென்றால் லெபனான் மலையிலிருந்து தேவதாரு இனத்து மரம் கடல்வழியே வர வேண்டும். ஸ்னெஃப்ரு மன்னன் 40 கப்பல் நிறைய அந்த மரத்தைக் கொண்டுவந்தான் என்று பலெர்மோ கல்வெட்டுத் துண்டு சொல்கிறது. கி.மு. 2600-ஐ ஒட்டிய செய்தி அது.

ரோமானியர் காலத்தில் நம் பக்கத்து மரமும் அங்கே போயிற்று. செங்கடல் கரையில் பெரனிகே துறைமுகத்தைத் தோண்டியபோது இந்தியத் தேக்கு நிறையக் கிடைத்தது. பழைய கப்பல்களைப் பிரித்து, அந்தக் கட்டைகளைக் கட்டடத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று அகழாய்வாளர் கருதுகிறார்கள். அதே ஊரில்தான் ‘கொற்பூமான்’ என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய பானை ஓடும் கிடைத்தது. மரப்பஞ்ச நாட்டுக்கு நம் கரையிலிருந்து போன மரக்கலம், கடைசியில் மரமாகவே அங்கே தங்கிவிட்டது.

பஞ்சம்தான் அவர்களுடைய தச்சை வளர்த்தது. அத்தி மென்மையான மரம், கணு அதிகம், பூச்சி எளிதில் அரிக்கும், நேரான நீளத் துண்டு அதில் அபூர்வம். ஆகவே துண்டு துண்டாகச் செய்து சேர்க்க வேண்டியிருந்தது. கெய்ரோவில் உள்ள கா-அபெர் சிலையைப் பாருங்கள். மந்திரம் ஓதும் தலைமைப் பூசகர் அவர். ஐந்தாம் அரச மரபின் தொடக்க காலம். சுமார் 4,500 ஆண்டுப் பழமை. சிலை உயரம் ஏறக்குறைய 112 செ.மீ. உடல் சிக்கமோர் அத்தி. கைகள் தனித் துண்டுகள். தோளில் கழுந்து வைத்துப் பொருத்தியவை. தடியை ஊன்றி முன்னே நீண்ட இடக்கை மட்டுமே இரண்டு துண்டு. தொந்தி, இரட்டை நாடி, குட்டைக் கழுத்து. கண்ணுக்குச் செப்பு விளிம்பு கட்டிப் படிகக்கல் பதித்திருக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் பார்வை நகர்வதுபோல் இருக்கும். 1860-இல் சக்காராவில் ஒகுஸ்த் மரியெத்தின் ஆட்கள் இதை வெளியே எடுத்தபோது, அச்சு அசல் எங்கள் ஊர் நாட்டாமையேதான் என்று கூவினார்களாம். இன்றும் அந்தச் சிலைக்கு ‘ஊர்த் தலைவர்’ என்பதுதான் அரபுப் பெயர்.

ஆனால் நாம் பார்ப்பது பாதிச் சிலை. கா-அபெரின் மேலிருந்த சாந்தும் வண்ணமும் ஏறக்குறைய முழுவதும் உதிர்ந்துவிட்டன. இன்று தெரியும் பழுப்பு மரத்தை, அதன் வெடிப்புகளை, ‘மரத்தின் இயற்கை அழகு’ என்று மெச்சுகிறார்கள். செய்தவர்கள் கேட்டால் வருந்துவார்கள். ஒட்டுப் போட்ட இணைப்பும் கணு அடைத்த இடமும் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகத்தானே அத்தனை பூச்சும்! முதலில் பிளவுகளில் பசைக்கூழை அடைப்பார்கள். தேவையான இடத்தில் மெல்லிய ஆளிநார்த் துணியை ஒட்டுவார்கள். அதன் மேல் சுண்ணாம்புக் கல்மாவையோ ஜிப்சத்தையோ விலங்குப் பசையில் குழைத்துப் பூச்சு. காய்ந்ததும் தேய்ப்பு. பிறகு வண்ணம்: ஆணுக்குச் செங்காவி, பெண்ணுக்கு மஞ்சள், கூந்தலுக்குக் கரி, நகைக்கு மலாக்கைட் பச்சையும், மணலும் செம்பும் சுண்ணாம்பும் சேர்த்துச் சூளையில் காய்ச்சிய எகிப்திய நீலமும்.

தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவர்கள் இந்த அவையில் இருந்தால் புன்னகைப்பார்கள். பலாப் பலகை, மேலே பசை வைத்து ஒட்டிய துணி, அதன் மேல் புளியங்கொட்டைப் பசையில் குழைத்த சுக்கான் மாவு, தேய்ப்பு, பிறகு வண்ணம். அடுக்குக்கு அடுக்கு ஒன்றுதான். யார் யாரிடம் கற்றார் என்ற ஆராய்ச்சி வேண்டாம். யாரும் யாரிடமும் கற்கவில்லை. மரம் வெயிலுக்குச் சுருங்கும், ஈரத்துக்கு ஊதும். அதன் மேல் நேரடியாகச் சாந்து நிற்காது. நடுவில் துணி இருந்தால் நிற்கும். இதை ஒவ்வொரு நாட்டுத் தச்சனும் தன் கையால் கண்டுபிடித்தாக வேண்டும்.

பூச்சு முழுதாகத் தங்கிய சிலை எப்படி இருக்கும் என்று அறிய மெகெத்ரே அறைக்கே திரும்ப வேண்டும். அங்கே பெரிய பெண் உருவங்கள் இரண்டு இருந்தன. நியூயார்க்கில் இருப்பவள் 112 செ.மீ. உயரம். இடக்காலை முன்வைத்து நடக்கிறாள். தலையில் இறைச்சி நிரம்பிய கூடை. ஒரு கை உயர்ந்து அதைத் தாங்குகிறது. மறு கையில் சிறகைச் சேர்த்துப் பிடித்த உயிர் வாத்து. உடுத்திய ஆடை முழுவதும் பறவை இறகு வரிசை, பச்சையும் சிவப்பும் நீலமுமாக. இறகாடை அங்கே தெய்வப் பெண்களுக்கு உரியது. சுமை தூக்கி வருகிறவளுக்கு அதை உடுத்தியிருக்கிறார்கள். கூடை சுமந்த தலைக்குக் கீழே கழுத்து நேராக இருக்கிறது. சுமை பழகிய கழுத்து அது. மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த நேர்மை சட்டென்று பிடிபடும். வண்ணம் உதிர்ந்திருந்தால் இறகும் இல்லை, தெய்வத்தன்மையும் இல்லை; ஒரு வேலைக்காரியின் மரச்சிலை என்று எழுதி வைத்திருப்பார்கள்.

சிலை முடிந்ததும் ஒரு சடங்கு. வாய் திறக்கும் சடங்கு என்பார்கள். பூசகர் சிலையின் வாயையும் கண்ணையும் ஒரு கருவியால் தொடுவார். அதன் பிறகுதான் அது உண்ணும், மூச்சு விடும், பார்க்கும். அந்தக் கருவி வாய்ச்சி! செதுக்கிய கருவியே உயிரையும் கொடுக்கிறது. தூத்தன்காமனின் கல்லறைச் சுவரில், அடுத்து அரசனான ஆய், இறந்த அரசனின் முன் வாய்ச்சியை நீட்டி நிற்கும் காட்சியை இன்றும் காணலாம். நம் கோயில்களில் கண் திறப்பது ஸ்தபதியின் உரிமை. பொன்னூசி கொண்டு அவர் கருவிழியைத் தொட்ட பிறகே சிலை குருக்கள் கைக்குப் போகும். இரண்டு இடத்திலும் மந்திரம் ஓதுகிறவருக்கு முன்னால், அல்லது அவர் கையிலேயே, தச்சனின் கருவி நிற்கிறது. தொழிலாளரின் ஊரில் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

உயிர் கொடுத்த பின் சிலையை என்ன செய்தார்கள்? மூடினார்கள். பழைய அரச காலத்தில் அடைத்த அறைக்குள் வைத்து, சுவரில் கண்மட்டத்தில் ஒரு சிறு துவாரம் மட்டும் விட்டார்கள், சாம்பிராணிப் புகை உள்ளே போக. பின்னாளில் அதுவும் இல்லை. வண்ணம் ஒரே ஒரு முறை பூசப்படும். பிறகு இருட்டு, என்றென்றைக்கும். மக்கள் பார்ப்பதற்காகச் செய்ததே இல்லை. திருவொற்றியூர்க்காரர்களுக்கு இது முற்றிலும் விந்தையாக இராது. புற்றுவடிவான ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் கவசம் நீங்கும். புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தி மறுபடி மூடுவார்கள். மூடிவைப்பதும் ஒரு வழிபாடு.

மரம் ஏன் அழிகிறது? ஈரத்தால் என்று சொல்லிவிடுகிறோம். மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று முழுதாக இல்லாமல் போனால் மரம் நிற்கும். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும் இடத்தில்தான் அழுகல். படகில் நீர்மட்டம் ஏறி இறங்கும் பலகையும், மழைநீர் தேங்கும் மேல்தளமும் முதலில் போவது அதனால்தான். கடல்நீருக்குள் மரத்தைத் துளைக்கும் புழு வேறு உண்டு. அது தனிக் கதை. எகிப்தியர் முழு வறட்சியைத் தேர்ந்தார்கள், அல்லது பாலைவனம் அவர்களுக்காகத் தேர்ந்தது. நம் மண்ணில் அது நடக்காது. அதனால் நம் முன்னோர் இறந்தவருக்குச் சுட்ட மண்ணையும் கல்லையும் கொடுத்தார்கள். ஆதிச்சநல்லூரில் தாழி, இந்தச் சென்னையிலேயே பல்லாவரத்தில், 1880களில் அலெக்சாண்டர் ரீ தோண்டிக் கண்ட, கால் வைத்த சுடுமண் ஈமப்பேழைகள். நம் ஈமங்களில் மரப்பாவை இருந்ததா என்று கேட்டால், இருந்திருந்தாலும் இந்த மண் அதை விட்டு வைத்திருக்காது.

ஆனால் மற்றொரு வழியும் இருக்கிறது: முழு ஈரம். பூம்புகாரை அடுத்த கீழையூரில் பழைய படகுத்துறை ஒன்றை அகழ்ந்தார்கள். செங்கல் மேடைக்கு முன் படகு கட்ட நட்டிருந்த மரக்கட்டைகள், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகியும், சேற்றுக்குள் நின்றன. காலக்கணிப்பு செய்ய அந்த மரமே உதவியது. இந்த வழியைத் தெரிந்தே கையாண்ட ஊர் காஞ்சிபுரம். வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள், நீருக்கடியில் அத்திவரதர் இருக்கிறார். அத்திமரத் திருமேனி. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளுவார். 1979-இல் வந்தார், பிறகு 2019 ஜூலை, ஆகஸ்டில் 48 நாள், முதலில் கிடந்த கோலம், ஆகஸ்டு முதல் நாளிலிருந்து நின்ற கோலம். தைலக்காப்போடு மீண்டும் நீருக்குள் போனார்.

இரண்டு நாட்டு அத்தியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எகிப்தில் சிக்கமோர் அத்தி தெய்வமரம். கல்லறைச் சுவர்களில் அந்த மரத்திலிருந்தே ஒரு தேவி கை நீட்டி, இறந்தவருக்குத் தண்ணீர் வார்க்கிறாள். அங்கே அத்தியை மணலின் வறட்சியில் வைத்துக் காத்தார்கள். இங்கே குளத்து நீரில் வைத்துக் காக்கிறார்கள். இரண்டுமே காற்றும் ஈரமும் சேர்ந்து தொடாத இடம். காஞ்சி நமக்குத் தொலைவும் இல்லை. திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் கல்யாண வரதராசர் கோயில் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் காலத்தில் எழுந்த பேட்டை அது. தன்னிடம் வேலை பார்த்த ஒருவர் வரதரைச் சேவிக்கக் காஞ்சிக்குப் போய்ப் போய்த் தாமதமாக வருவதைக் கண்டு, கவர்னர் இங்கேயே கோயில் எடுக்க உதவினார் என்று ஊரில் கதை சொல்கிறார்கள்.

வறட்சியும் குளமும் வாய்க்காத இடத்தில் மூன்றாவது வழி: புதுப்பித்துக்கொண்டே இருப்பது. நம் கோயில் வாகனங்கள் அப்படித்தான் வாழ்கின்றன. அதிகார நந்தி, யாளி, குதிரை, அன்னம் எல்லாம் மரம். உப்புக்காற்றும் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலும் படியும் இந்தக் கரையில் எந்தப் பூச்சும் நெடுநாள் தாங்காது. உற்சவத்துக்கு முன் சுரண்டுவார்கள், பூசுவார்கள். வண்ணம் ஒரு முறை பூசி மூடுவது எகிப்தியர் வழக்கம். பூசிப் பூசி வெளியே கொண்டுபோவது நம் வழக்கம். சாவோடு தொடர்புள்ள மரவுருவமும் நம்மிடம் உண்டு. விழுப்புரத்தை அடுத்த கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியில் கூத்தாண்டவர் திருவிழா. கூத்தாண்டவராகிய அரவானின் மரத்தாலான அங்கங்கள் சுற்று ஊர்களிலிருந்து வந்து சேர்ந்து, தேரில் உடலாக எழுகின்றன. வண்ணம் தீட்டிய முகம், கூர்ந்த மீசை, விழித்த கண். திருநங்கையர் அவர் பெயரில் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் களப்பலி முடிந்ததும் தாலியறுத்து, வளையல் உடைத்து, ஒப்பாரி வைக்கிறார்கள். ஊர்வலம் போன உடல் கலைகிறது. மர முகம் அடுத்த ஆண்டு புது வண்ணத்தோடு வரும். எகிப்திய மரச்சிலை இறந்தவருக்காகச் சாவை மறுத்து நின்றது. கூவாகத்தின் மரமுகம் ஆண்டுதோறும் சாகிறது, ஆண்டுதோறும் வருகிறது. இரண்டும் எனக்குச் சம மதிப்புள்ளவை.

இதிலிருந்து நமக்கு ஒரு வேலை பிறக்கிறது. எகிப்திய வண்ணங்களைப் பற்றி நான் சொன்ன செய்திகள் பலவும், கடுகளவு பூச்சுத் துணுக்கின் வெட்டுமுகத்தை நுண்நோக்கியில் பார்த்து, எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு என்று எண்ணிக் கண்டவை. நம் வாகனங்களில் அதைவிட அதிக அடுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு அடுக்கும் ஒரு திருப்பணி, ஒரு தலைமுறைக் கைவேலை. இப்போது பல கோயில்களில் மரம் வரை சுரண்டி எடுத்து, எனாமல் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். பளபளப்பு வருகிறது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல், பூச்சுக்குக் கீழே மரம் உளுக்கிறது. பழைய அடுக்குகள் குப்பைக்குப் போகின்றன.

சுரண்டுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கைபேசி போதும். கால், கழுத்து, சிறகு மடிப்பு ஆகிய இடங்களில் விரல்நகம் அளவு பூச்சை எல்லா அடுக்கோடும் எடுத்து, காகித உறையில் இட்டு, வாகனத்தின் பெயரும் தேதியும் எழுதிக் கோயில் அலுவலகத்தில் வையுங்கள். பீடத்தின் அடியில், பக்தர் கண்ணில் படாத இடத்தில், வேலை செய்த தச்சரின் பெயரையும் எந்த மரம் என்பதையும் எழுதுங்கள். இந்தப் பகுதிக் கல்லூரிகளின் வேதியியல் மாணவர்கள் அந்தத் துணுக்குகளை ஆராயலாம். அடுத்த உற்சவத்துக்கு வாகனம் பட்டறைக்கு வரும் நாளிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.